ரிப்பன் பாய் திறந்துவைத்த ஊர்

எங்கள் ஊரில் மூடிக் கிடந்த எதையும் ரிப்பன் பாய் விட்டுவைத்ததில்லை. திறந்து கிடந்தவற்றையும் விட்டுவைத்ததில்லை. தெருவிளக்கு, வேகத்தடை, கழிப்பறை, முடிதிருத்தும் கடையின் இரண்டாவது நாற்காலி என்று உலகத்தில் வேறெங்கும் திறப்பு விழா கண்டிராத பல பொருட்களுக்கு அவர் திறப்பு விழா நடத்தியிருக்கிறார். தமிழ்நாட்டிலேயே அதிகமாகத் திறந்துவைக்கப்பட்ட ஊர் எது என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் எங்கள் ஊர்தான் முதலிடம் பிடிக்கும். அதில் பாதிக்கு மேல் ஏற்கனவே இருந்தவை என்பதை ஆராய்ச்சியாளர் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது. வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. வீட்டுக்கு யாராவது தேடிப் போனால் அவர் மனைவியே, "ரிப்பன் பாய் வெளிய போயிருக்காங்களே" என்றுதான் சொல்வார்.

முத்துப்பேட்டையிலிருந்து அதிராம்பட்டினம் போகும் சாலையில் கடல் பக்கம் திரும்பினால் எங்கள் ஊர். ஒரு மீனவர் தெரு, ஒரு கடைத்தெரு, இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதா கோயில். கடைத்தெருவில் நானும் என் கணவர் அந்தோணியும் மருந்துக்கடை வைத்திருந்தோம். மருந்தாளுநர் படிப்பு படித்தவள் நான். கல்லாவில் உட்காரும் திறமை அவருக்கு.

புயலில் எங்கள் ஊரின் தென்னைகள் போயின, படகுகள் போயின, கடற்கரையில் இருந்த மீன் ஏலக்கூடத்தின் கூரை போயிற்று. தென்னையும் படகும் விழுந்த இடத்தில் கிடந்தன. கூரை எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. அதற்கு முன்பே புறவழிச்சாலை வந்திருந்தது. வந்த புதிதில், பேருந்து ஊருக்குள் எங்கே நிற்க வேண்டும் என்று மீனவர் தெருவுக்கும் கடைத்தெருவுக்கும் தகராறு. இந்தத் தெரு இந்த முனையில் என்றது, அந்தத் தெரு அந்த முனையில் என்றது. இரு தரப்பும் பேசி முடிப்பதற்குள் பேருந்து ஊருக்குள் வருவதையே நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து இரண்டு தெருவும் பேசிக்கொள்வதில்லை. துக்க வீட்டில் மட்டும் தலையசைத்துக்கொள்வார்கள்.

கூரை போனதும் மிஞ்சிய படகுகள் பக்கத்து ஊர்த் துறைக்குப் போய்விட்டன. மீன் விற்கும் பெண்கள் விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து அங்கே போய் மீன் எடுத்துவந்தார்கள். மீன் வராத ஊருக்கு ஆள் வரவில்லை. ஆள் வராததால் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இனி சும்மா இருந்தால் ஊரே மூடிவிடும் என்ற நிலையில்தான் ஊர்மீட்பு அறக்கட்டளை பிறந்தது.

தலைவர், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செல்லப்பா சார். செயலாளர் நான். நான் முதல் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதால் அந்தப் பதவி கிடைத்தது. செல்லப்பா சாருக்குத் 'தொலைநோக்கு' என்ற சொல் இல்லாமல் வாக்கியம் வராது. கடற்கரையில் நடைபாதை, அலையாத்திக் காட்டுக்குப் படகு சவாரி, கலங்கரை விளக்கம் மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி என்று அவர் தொலைவில் நோக்கிக்கொண்டே போவார். மாதம் ஒரு கூட்டம் நடக்கும். மெதுவடை வரும். போன மாதம் முடிவு செய்ததை இந்த மாதம் மறுபடியும் முடிவு செய்வோம். நாங்கள் உண்மையில் செய்து முடித்த வேலை, மாதா கோயில் முனையில் எரியாமல் கிடந்த தெருவிளக்கைச் சரிசெய்தது மட்டும்தான்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து ஊரோடு தங்கிவிட்டவர். ஒல்லியான உடம்பு, தேய்த்த வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கைலி.

"சார், மாதா கோயில் முக்குல பல்பு போட்டீங்கல்ல, அதை யாரு திறந்து வச்சது?"

"பல்பை யாரு பாய் திறந்து வைப்பாங்க? சுவிட்சைப் போட்டா எரியும்" என்றார் செல்லப்பா சார்.

"அதான் சார் யாருக்கும் தெரியல."

அவருக்கு இந்த விஷயத்தில் அனுபவம் இருந்தது. மஸ்கட்டில் அவர் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனி ஊர் ஊராகக் கிளை திறந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு திறப்பு விழாவிலும் கத்திரிக்கோல் வைத்த வெள்ளித் தட்டை ஏந்தி நிற்பது பாயின் வேலை. மற்ற நாட்களில் அவர் கிடங்கில் அரிசி மூட்டை அடுக்குவார். ஆனால் கத்திரிக்கோல் தட்டை ஆடாமல் பிடிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது என்பது அந்த நாட்டிலேயே தெரிந்த விஷயம் என்று அவர் சொன்னார். நாங்கள் மறுக்கவில்லை. அந்த நாட்டுக்கு நாங்கள் போனதில்லை.

வரும்போது மற்றவர்கள் தங்கமும் போர்வையும் கொண்டுவருவார்கள். பாய் ஒரு சிவப்பு ரிப்பன் சுருளும், கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்த பழைய தட்டும் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு என்ன கொண்டுவந்தார் என்று நான் அவர் மனைவியிடம் கேட்டதில்லை.

மறுநாள் மாலை தெருவிளக்குக் கம்பத்தைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தது. கூட்டம் என்று சொன்னால் நான், என் கணவர், செல்லப்பா சார், இரண்டு ஆடு. சிறப்பு விருந்தினர் யார் என்று கேட்டேன். "வருவாங்க" என்றார் பாய். தலையில் கூடையோடு மீன்காரப் பாக்கியம் வந்தாள். அந்த முனையில் உட்கார்ந்துதான் அவள் மாலையில் மீன் விற்பாள். பாய் தட்டை நீட்டினார்.

"பாக்கியம், வெட்டும்மா."

"என்னத்தை?"

"ரிப்பனை."

"மீன் கெட்டுப்போவுது பாய், இப்ப என்ன விளையாட்டு" என்று சொல்லிக்கொண்டே கூடையை இறக்காமல் ஒரு கையால் வெட்டினாள். விளக்கு எரிந்தது. அவள் மேலே பார்த்தாள். கூடையை இறக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

இந்தக் கூத்து இதோடு முடிந்தது என்று நினைத்தோம். அந்த வாரமே யாரோ அந்தக் கம்பத்தில் ஆட்டைக் கட்டிவிட்டார்கள். பாக்கியம் ஆட்டுக்காரரைத் தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டாளாம், நான் திறந்துவச்ச கம்பத்துல ஆடு கட்ட உனக்கு யாரு சொன்னது என்று. பிறகு அந்தக் கம்பத்தில் சுவரொட்டி ஒட்ட வந்தவரைத் துரத்தினாள். பல்பு ஃபியூஸ் போனபோது எங்கள் கடைக்கே வந்து, "செயலாளரே, என் விளக்கு எரியல" என்று புகார் சொன்னாள். அறக்கட்டளைக்கு வந்த முதல் புகார் அது. எங்களையும் ஒரு ஆளாக மதித்துப் புகார் சொன்னதில் செல்லப்பா சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பாயை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ரிப்பன் கட்ட வேண்டும் என்பதற்காகவே நாங்கள் ஏதாவது ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் வடை வருவதற்குள் அவர் எழுந்து, "அடுத்து என்ன சார் திறக்குறோம்?" என்பார். திறப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல எல்லோருக்கும் வெட்கமாக இருக்கும். எதையாவது பழுதுபார்க்க ஒத்துக்கொள்வோம்.

ரிப்பனை அவர் வீணாக்க மாட்டார். வெட்டியதை முடிச்சுப் போட்டு, துவைத்து, இஸ்திரி போட்டு மறுபடியும் கொண்டுவருவார். விழாக்கள் ஏற ஏற அது ரிப்பனா மீன்வலையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு முடிச்சுகள் ஏறிக்கொண்டே போயின.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்து வேகத்தடையைத் திறப்பதற்காகச் சாலைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டிவிட்டு நின்றோம். ஒரு பையன் பைக்கில் வந்த வேகத்தில் நெஞ்சால் அறுத்துக்கொண்டு போனான். வேகத்தடை ஏன் தேவை என்பது விழாவிலேயே நிரூபணமானது. சுமைதாங்கிப் பக்கம் போட்ட பெஞ்சைத் திறந்துவைத்த ஓய்வுபெற்ற தபால்காரர் அதில் உட்கார்ந்ததும் பெஞ்சின் கால் உடைந்தது. பெஞ்சைச் சரிசெய்த பிறகு பாய் அதே தபால்காரரை மறுபடியும் அழைத்தார். அவர் வந்தார், வெட்டினார், உட்கார மறுத்துவிட்டார்.

கருவாடு காயப்போடும் திடலில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டினோம். அங்கே வேலை செய்யும் பெண்களிலேயே மூத்த ஒருத்தியைப் பாய் ரிப்பன் வெட்டச் சொன்னார். அந்த அம்மாள் வெட்டினாள். உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே ஊரே நிற்கிறது. எப்போது கைதட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. செல்லப்பா சார் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். என் கணவர், உரை நிகழ்த்துவதாக இருந்தால் இதுதான் நேரம் என்று அவர் காதில் சொன்னார். கதவு திறந்தது. அந்த அம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "தாப்பா நல்லா விழுது" என்றாள். எங்கள் அறக்கட்டளையின் வரலாற்றில் நிகழ்த்தப்பட்ட சிறந்த உரை அது.

ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்த வாய்க்காலை எல்லோருமாகச் சேர்ந்து சுத்தம் செய்தபோது பாய் அதற்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார். தண்ணீர் வந்ததும் வெட்டலாம் என்றார். நாங்கள் கடைமடை. காவிரித் தண்ணீர் மேலே உள்ள ஊர்களையெல்லாம் விசாரித்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் எங்களிடம் வரும். நாட்கள் போயின. ரிப்பன் வெயிலில் வெளுத்தது. ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தண்ணீர் வந்தது. அப்போது அங்கே இருந்த ஒரே பிரமுகர் ஒரு எருமை. அது நேராக இறங்கி, ரிப்பனை அறுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டது. பாய் வந்து பார்த்தார்.

"சரிதான். அதுவும் இந்தத் தண்ணியில கெடக்கப்போற ஜீவன்தானே" என்றார்.

அவருடைய கொள்கை அதுதான். எதை யார் பயன்படுத்தப்போகிறார்களோ அவர்தான் வெட்ட வேண்டும். பெரிய மனிதர்கள் யாரையும் அவர் அழைக்க மாட்டார். செல்லப்பா சார் எத்தனையோ தடவை, ஒரு அதிகாரியையோ பிரமுகரையோ கூப்பிட்டால் பத்திரிகையில் படம் வரும் என்று மன்றாடியிருக்கிறார். பாய் கேட்டுக்கொள்வார், சிரிப்பார், பாக்கியத்தைப் போல யாரையாவது கூட்டிவருவார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒரு மதியம் கடையில் வைத்துக் கேட்டேன். அவர் கடைத்தெருவின் கோடியில் சாத்திக் கிடந்த ஒரு பெரிய ஷட்டரைக் காட்டினார். அந்தக் கடை எங்களுக்குத் தெரியும். மஸ்கட்டிலிருந்து வந்ததும் அவரே தொடங்கிய சூப்பர் மார்க்கெட். தஞ்சாவூரிலிருந்து ஒரு பெரிய புள்ளி வந்து திறந்துவைத்தார். நாதஸ்வரம், வாழைமரம், ஊர் நுழைவிலிருந்து பேனர் என்று ஊரே பார்த்த விழா. தட்டைப் பாயே ஏந்தி நின்றார். அடுத்த தீபாவளிக்குள் கடை மூடியாகிவிட்டது.

"திறந்து வச்சவரு அதுக்கப்புறம் ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட வரல தங்கச்சி" என்றார். "அவரு மேல தப்பு இல்ல. அவருக்கு எதுக்கு என் கடையில தீப்பெட்டி?"

என் கணவர் அவரை எப்போதும் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். "எட்டிப்போங்க பாய், விட்டா என் வாயைக்கூடத் திறந்து வச்சிருவீங்க" என்பார். "அது மூடி இருந்தாத்தானே அந்தோணி" என்பார் பாய். இருவரும் தினம் ஒரு டீயைப் பாதிப் பாதியாகக் குடிப்பார்கள். மிச்சப்படுத்துவதற்காக இல்லை. இரண்டு டீ சொன்னால் சீக்கிரம் தீர்ந்துபோய் எழுந்திருக்க வேண்டியிருக்குமாம். எனக்குக் கணக்குப் புரியவில்லை.

கடைசியில் ஏலக்கூடத்துக்கு வந்தோம். கூரை போட்டுவிட்டால் படகுகள் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் போடாவிட்டால் நிச்சயம் வராது. மீனவர் தெரு உழைப்பைக் கொடுத்தது. கடைத்தெரு தகரமும் கம்பியும் கொடுத்தது. மீனவர்கள் காலையில் வேலை செய்தார்கள், கடைக்காரர்கள் மாலையில் சாமான் இறக்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே ஒரு கட்டடத்துக்குக் கூரை போட்டது எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

கூரை ஏறிய பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. யார் வெட்டுவது? எங்கள் வேர்வை, எங்கள் தெருவில் ஒருத்தர்தான் வெட்ட வேண்டும் என்றது மீனவர் தெரு. எங்கள் தகரம், நாங்கள்தான் என்றது கடைத்தெரு. அவர்கள் வெட்டினால் நாங்கள் வர மாட்டோம் என்று இரு தரப்பும் தனித்தனியே என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மருந்துக்கடைக்கு வந்ததாக இருக்கட்டும் என்று போகும்போது ஆளுக்கொரு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டார்கள்.

செல்லப்பா சார் பயந்துபோனார். பேருந்து போன மாதிரி இதுவும் போய்விடும், பேசாமல் வெளியூரிலிருந்து ஒரு பெரிய ஆளைக் கூப்பிட்டுவிடலாம் என்றார். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று முழுக்க ஏலக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அது நாலு பக்கமும் திறந்த கூடம். தூண்கள் உண்டு, சுவர் கிடையாது, வாசல் கிடையாது. எங்கே ரிப்பன் கட்டுவது என்பதே முதலில் கேள்வி.

மாலையில் வந்து சொன்னார். கூடத்தைச் சுற்றி, எல்லாத் தூண்களையும் தொட்டுக்கொண்டு, ஒரே ரிப்பனாகக் கட்டப்போகிறார். ஊரில் எல்லோரும் வந்து அவரவர் நிற்கும் இடத்தில், ஒரே நேரத்தில் வெட்ட வேண்டும்.

"அத்தனை கத்திரிக்கோலுக்கு எங்க பாய் போறது?" என்றேன்.

"அவங்கவங்க வீட்டுல எது வெட்டுமோ அதை எடுத்துட்டு வரட்டும்" என்றார் பாய்.

அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. மறுநாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் அதையே அறிவித்தோம். இரண்டு தெருக்காரர்களும் நாளைக் காலை ஏலக்கூடத்துக்கு வர வேண்டும், வரும்போது வீட்டில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறதோ அதைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று ஆட்டோ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது. ஓட்டுநர் ஒரு ஆர்வத்தில் பக்கத்து ஊருக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் இரண்டு தெருவின் பகை அந்த ஊருக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் ஊர் திரண்டது. மீனவர் தெருப் பெண்கள் அரிவாள்மனையோடு வந்தார்கள். ஆண்கள் வலை அறுக்கும் கத்தியோடு வந்தார்கள். கடைத்தெருவிலிருந்து கறிக்கடைக்காரர் தன் கத்தியோடும், இளநீர்க்காரர் அரிவாளோடும், தையற்காரரும் முடிதிருத்துபவரும் அவரவர் கத்திரிக்கோலோடும் வந்தார்கள். என் கணவர் கட்டுத்துணி வெட்டும் கத்திரிக்கோலைக் கொண்டுவந்தார். கடல் பக்கம் ஒரு தெரு, ஊர்ப் பக்கம் ஒரு தெரு, நடுவில் கூடம். எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று வெயிலில் பளபளத்தது. அந்த நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் இளைஞர், ஊருக்குப் புதியவர். இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இங்கே பொறுப்பானவர் யார் என்று கேட்டார். எல்லோரும் செல்லப்பா சாரைக் காட்டினார்கள். செல்லப்பா சார் பாயைக் காட்டினார். பாய் தட்டோடு முன்னால் வந்தார்.

"என்ன பாய் இதெல்லாம்?"

"திறப்பு விழா சார்."

"எல்லார் கையிலயும் ஆயுதம் இருக்கு."

"ரிப்பன் நீளம் சார்."

இன்ஸ்பெக்டர் ரிப்பனைப் பார்த்தார். முடிச்சுகளைப் பார்த்தார். கறிக்கடைக்காரரைப் பார்த்தார். "வெட்டினதுக்கு அப்புறம் என்ன செய்வாங்க?"

"வீட்டுக்குப் போயிக் குழம்பு வைப்பாங்க சார். நீங்க மீன் சாப்பிடுவீங்கள்ல?"

"சாப்பிடுவேன்."

"அப்ப நீங்களும் வெட்டலாம்" என்று பாய் தட்டை நீட்டினார். இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஜீப்பில் ஏறவும் இல்லை. ஒரு தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

பாய் ஒன்று, இரண்டு, மூன்று என்றார். யாரும் வெட்டவில்லை.

அந்தப் பக்கம் வெட்டட்டும் என்று இந்தப் பக்கம் நின்றது. இந்தப் பக்கம் முதலில் கையை நீட்டட்டும் என்று அந்தப் பக்கம் நின்றது. காற்று ரிப்பனை ஆட்டியது. பாய் மறுபடியும் மூன்று சொன்னார். அப்போதும் யாரும் அசையவில்லை. செல்லப்பா சார் கண்ணை மூடிக்கொண்டார். பாயைப் பார்த்தேன். மஸ்கட்டில் ஆடாமல் நின்ற தட்டு அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் கத்திரிக்கோல் கடகடவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பிறகு கடலில் இன்ஜின் சத்தம் கேட்டது. ஒரு ஃபைபர் படகு. பக்கத்துத் துறைக்குப் போகிறதோ என்று பார்த்தோம். அது முகத்தைத் திருப்பி எங்கள் கரையை நோக்கி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

பாக்கியம்தான் முதலில் அசைந்தாள். "மீன் வந்துருச்சு. இவங்க கௌரவத்தைப் பாத்துட்டு நின்னா நான் எப்ப ஏலம் எடுக்குறது?" என்று அரிவாள்மனையை நிமிர்த்தி ரிப்பனை அதன் மேல் வைத்து ஒரு இழு இழுத்தாள். தனக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் பக்கத்தில் நின்றவள் அறுத்தாள். அதைப் பார்த்து எதிர்ப்பக்கம் தையற்காரர் வெட்டினார். பிறகு நாலு பக்கமும் ஒரே வெட்டு. இன்ஸ்பெக்டர் கையில் எப்படியோ இளநீர் அரிவாள் வந்திருந்தது. என் கணவர் ஒரே இடத்தில் மூன்று தடவை வெட்டினார். ரிப்பன் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. ஜனங்கள் அதை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

பாய் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். "உப்புக்காத்து ஒத்துக்கல தங்கச்சி" என்றார். பிறந்ததிலிருந்து அவருக்கு அந்தக் காற்றுதான்.

ஊர் அன்றோடு மாறிவிட்டது என்று கதைவிட மாட்டேன். எல்லாப் படகும் திரும்பவில்லை. கொஞ்சம் திரும்பின. அதற்குத் தகுந்த மாதிரி கூடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை வந்தது. ஏலத்துக்கு வருபவர்களை நம்பி ஒரு மினி பேருந்து காலையில் ஊருக்குள் வந்துபோக ஆரம்பித்தது. அது எங்கே நிற்க வேண்டும் என்று இரண்டு தெருவும் மறுபடியும் சண்டை போட்டார்கள். ஆனால் இந்தத் தடவை ஏலக்கூடத்துக்குள்ளேயே, நேருக்கு நேர், ஒரே டீக்கடை டீயைக் குடித்துக்கொண்டு போட்டார்கள். அடுத்த கூட்டத்தில் செல்லப்பா சார், இதெல்லாம் தன் தொலைநோக்கில் முன்பே இருந்தது என்றார். ரிப்பன் இல்லாததால் பாய் சில மாதம் வெறும் கையோடு திரிந்தார். பிறகு கும்பகோணம் போய்ப் புதுச் சுருள் வாங்கிவந்தார்.

மறு வருஷம் மழைக்காலத்தில் என் கணவர் போய்விட்டார். மாரடைப்பு. மருந்துக்கடைக்காரர் வீட்டில் மருந்துக்கு நேரம் கிடைக்கவில்லை. துக்கத்துக்கு இரண்டு தெருவும் வந்தது. கல்லறை வரைக்கும் சேர்ந்தே நடந்தார்கள். நான் கடையைச் சாத்தினேன். பிள்ளைகள் கடையைக் கொடுத்துவிட்டுத் திருச்சிக்கு வந்துவிடச் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அந்தக் கல்லாவைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஆனால் மாத்திரை இல்லாமல் ஊரில் சர்க்கரைக்காரர்கள் முத்துப்பேட்டைக்கு அலைகிறார்கள் என்று பாக்கியம் வந்து சொன்னாள். ஒரு காலையில், யாருக்கும் சொல்லாமல், போய் ஷட்டரைத் தூக்கினேன். பாதி தூக்குவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு கை வந்து மிச்சத்தைத் தூக்கியது. பாய்தான். இங்கேயும் ஆரம்பித்துவிடுவாரோ, ஊரைக் கூட்டிவிடுவாரோ என்று அவர் கைகளைப் பார்த்தேன். தட்டு இல்லை.

"ரிப்பன் கொண்டு வரலையா பாய்?"

"எதுக்குத் தங்கச்சி? கடை தொறக்குறோம், அவ்வளவுதான்."

அவரே துடைப்பம் எடுத்து வாசலைக் கூட்டினார். கண்ணாடி அலமாரியைத் துடைத்தார். எதிர்க்கடையிலிருந்து டீ சொல்லி எனக்கு முழுசாகக் கொடுத்தார். கல்லா நாற்காலியில் நான் உட்காரும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உட்கார்ந்த பிறகு, வாடிக்கையாளர் மாதிரி முன்பக்கமாக வந்து, ஒரு அட்டை தலைவலி மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மதியம் வரைக்கும் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

இப்போதும் வாரா வாரம் வந்து ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போகிறார். அந்த மனிதருக்குத் தலைவலி வந்து இந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை, அவர் வரும் கிழமையில் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே கடையைத் திறந்துவிடுகிறேன்.